வாசகர் கேள்வி – பதில்: மீன் சந்தையிலிருந்து ஆல்பனிக்கு

நியூயார்க் மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினராகவும் பிறகு நான்கு முறை ஆளுநராகவும் இருந்த அல் ஸ்மித் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநில நிர்வாகத் தலைவர் என்பதை நினைவில் வைத்துப் படிக்கவும்.

கேள்வி: எட்டாம் வகுப்புகூட முடிக்காதவருக்கு 1903-ல் சட்டமன்ற வேட்பாளராகும் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது?

ஆல்ஃபிரட் இமானுவேல் ஸ்மித் 1873 டிசம்பர் 30 அன்று மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், புரூக்ளின் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அருகில் பிறந்தார். சரக்கு வண்டி ஓட்டிய தந்தை 1886-ல் இறந்துபோக, சில மாதங்களில் பள்ளிப் படிப்பும் நின்றது. கிடைத்த வேலைகளைச் செய்து, பிறகு ஃபுல்டன் மீன் சந்தையில் வாரம் 12 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

வாய்ப்பு வந்த வழி டாமனி ஹால். மன்ஹாட்டனில் ஜனநாயகக் கட்சியை நடத்திய அமைப்பு அது. உச்சியில் 1902 முதல் சார்லஸ் மர்ஃபி இருந்தார். அவருக்குக் கீழே ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரு தொகுதித் தலைவர், தொகுதித் தலைவருக்குக் கீழே ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர். எந்த வீட்டில் யாருக்கு வேலை இல்லை, குளிருக்கு நிலக்கரி இல்லாமல் தவிப்பவர் யார், யாருடைய மகன் காவல் நிலையத்தில் இருக்கிறான் என்பதெல்லாம் அந்தப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேர்தல் நாளில் அந்த வீடுகளிலிருந்து வாக்குகளைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர் வேலைதான்.

ஸ்மித் இந்த அமைப்புக்காக ஓடியாடி வேலை செய்தார், கூட்டங்களில் நன்றாகப் பேசினார். 1895-ல் நீதிமன்ற ஜூரிகள் ஆணையர் அலுவலகத்தில் ஆண்டுக்கு 800 டாலர் சம்பளத்தில் அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. 1903-ல் தொகுதித் தலைவர் டாம் ஃபோலி அவரை வேட்பாளராக்கினார். அப்போது வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது கட்சியின் தொகுதி மாநாடு. வாக்காளர்களே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நேரடி முன்தேர்தலுக்கான முழுமையான சட்டம் நியூயார்க்கில் 1913 டிசம்பரில்தான் வந்தது. ஆகவே தொகுதித் தலைவர் சொன்ன பெயர்தான் மாநாட்டில் நிறைவேறும். அந்தப் பகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தோற்பது அரிது என்பதால் மாநாடு முடிந்தபோதே வெற்றியும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

கேள்வி: மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு அன்று என்ன சம்பளம்? அதை வைத்துக் குடும்பம் நடத்த முடிந்ததா?

ஆண்டுக்கு 1,500 டாலர். மாநில அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட தொகை என்பதால் சட்டமன்றம் நினைத்தாலும் உயர்த்த முடியாது. பயணப்படியாகப் பத்து மைலுக்கு ஒரு டாலர், அதுவும் கூட்டத்தொடருக்கு ஒரு முறை போய்வர மட்டும். நியூயார்க் நகரிலிருந்து தலைநகர் ஆல்பனி ரயிலில் ஏறத்தாழ 145 மைல். உறுப்பினர்கள் வாரந்தோறும் வீட்டுக்குப் போய் வந்தார்கள். மற்ற பயணங்களுக்கும் ஆல்பனியில் தங்கும் அறைக்கும் சொந்தக் காசுதான். ஸ்மித் வீட்டில் பின்னாளில் ஐந்து குழந்தைகள்.

சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளியில் உறுப்பினரின் பதவிக்காலம் அன்று ஒரே ஒரு ஆண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு நவம்பரிலும் தேர்தல், ஜனவரியில் கூட்டத்தொடர், வசந்தத்தில் முடிவு, மறுபடி நவம்பர். ஸ்மித் இப்படிப் பன்னிரண்டு முறை வென்று 1904 முதல் 1915 வரை அவையில் இருந்தார். பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டுகளில் விலகிவிடும் அவையில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் என்பதே பெரிய பலம்.

கேள்வி: முதல் ஆண்டுகளில் மசோதாக்கள் அவருக்குப் புரியவில்லை என்றும் பிறகு அவையிலேயே அதிகம் தெரிந்தவராக ஆனார் என்றும் படித்தேன். சட்டப் படிப்பு இல்லாதவர் அதை எப்படிக் கற்றார்?

ஸ்மித்தின் வாழ்க்கையில் எங்களுக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். பேச்சுத் திறனும் கட்சியின் ஆதரவும் டாமனியின் பலருக்கும் இருந்தன. மசோதாவை வரிவரியாகப் படிக்கும் பொறுமை அவர்களில் மிகச் சிலரிடமே இருந்தது.

நியூயார்க்கில் அச்சான மசோதாவுக்கு அன்று ஒரு முறை இருந்தது. நடைமுறையில் இருக்கும் சட்டத்தைத் திருத்துவதானால் திருத்தப்படும் பிரிவை முழுதாக அச்சிட வேண்டும். புதிதாகச் சேரும் சொற்கள் சாய்வெழுத்தில் வரும், நீக்கப்படும் பழைய சொற்கள் பகர அடைப்புக்குள் வரும். இது தெரியாத புதிய உறுப்பினருக்கு முழுப் பக்கமும் புதிய சட்டமாகத் தோன்றும். தெரிந்தவரோ சாய்வெழுத்தையும் அடைப்பையும் மட்டும் பார்த்து, உண்மையில் எது மாறுகிறது என்று பிடித்துவிடுவார். ஸ்மித் இதோடு நிறுத்தவில்லை. மசோதாவையும் பழைய சட்டப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரவு முழுக்க ஒப்பிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டு ஒதுக்கீட்டு மசோதாவைப் படித்தார். எந்தத் துறைக்கு எத்தனை எழுத்தர், எந்தச் சிறைக்கு எவ்வளவு நிலக்கரிச் செலவு என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும் ஆவணம் அது. அதை முழுதாகப் படிக்கும் உறுப்பினர்கள் மிகக் குறைவு. படித்தவருக்கோ மாநில அரசு எதெதற்குப் பணம் கொடுக்கிறது, எங்கே ஒரே வேலையை மூன்று அலுவலகங்கள் செய்கின்றன என்பதெல்லாம் தெரிந்துவிடும். பின்னாளில் ஆளுநராகி அவர் செய்த நிர்வாகச் சீரமைப்பின் வேர் இந்தப் படிப்பில் இருக்கிறது.

மசோதா கடக்க வேண்டிய படிகளையும் சொல்லிவிடுகிறோம், ஸ்மித்தின் திறமை வெளிப்பட்ட இடங்கள் அவைதான். மூன்று வாசிப்புகள். இறுதி வடிவில் அச்சிட்ட பிரதி குறைந்தது மூன்று அவை நாட்கள் உறுப்பினர்களின் மேசையில் இருந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் மறு அச்சு, மறுபடி மூன்று நாள். கூட்டத்தொடர் முடிய இரண்டே நாள் இருக்கும்போது எதிர்த்தரப்பு ஒரு சிறு திருத்தத்தை ஏற்க வைத்துவிட்டால் மசோதா அங்கேயே செத்தது. அதை மீட்க ஒரே வழி, அவசரத் தேவை என்று ஆளுநர் சான்று தருவது. கடைசி வாசிப்பில் திருத்தம் கூடாது. வாக்கெடுப்பில் வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும்: 150 பேர் கொண்ட அசெம்பிளியில் 76, அன்று 51 பேர் இருந்த மேலவையான செனட்டில் 26. வராமல் போனவரும் எதிர்த்து வாக்களித்தவரும் கணக்கில் ஒன்றுதான்.

நியூயார்க் நகருக்கு மட்டும் பொருந்தும் மசோதாவுக்கு அன்று கூடுதலாக ஒரு படி இருந்தது. இரு அவைகளிலும் நிறைவேறிய பின் அது நகர மேயரிடம் போகும். அவர் பொது விசாரணை நடத்தி 15 நாட்களுக்குள் ஏற்பதாகவோ மறுப்பதாகவோ திருப்பி அனுப்ப வேண்டும். மறுத்தால் இரு அவைகளும் மறுபடி நிறைவேற்ற வேண்டும். அந்தப் பதினைந்து நாளைக் கணக்கிடாமல் தாமதமாகக் கொண்டுவந்த நகர மசோதாவுக்கு மறுபடி வாக்கெடுப்பு நடத்த நேரமே இருக்காது.

பிறகு ஆளுநர். கூட்டத்தொடர் நடக்கும்போது பத்து நாளில் கையெழுத்திடாவிட்டாலும் மசோதா சட்டமாகிவிடும். கூட்டத்தொடர் முடிந்த பின் வந்த மசோதாவுக்கு முப்பது நாள், அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் மசோதா போச்சு. ஒரே ஆளுநரின் மௌனம் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பொருளும் இறுதியில் நேர் எதிரான பொருளும் தரும். இந்த நாட்கணக்கையெல்லாம் மனத்தில் வைத்திருந்தவர் ஸ்மித்.

1911-ல் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் பிடித்தபோது அவர் அசெம்பிளியில் அவை முன்னவரும் நிதிக் குழுத் தலைவருமானார். 1913-ல் சபாநாயகர்.

கேள்வி: டிரையாங்கிள் தொழிற்சாலைத் தீ விபத்துக்குப் பிறகு வந்த சட்டங்களில் ஸ்மித்தின் பங்கு என்ன? எத்தனையோ விசாரணைக் குழுக்கள் அறிக்கையோடு நின்றுவிட, இந்தக் குழு மட்டும் ஏன் பலன் தந்தது?

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. மன்ஹாட்டனின் பத்து மாடி ஆஷ் கட்டடத்தில் 8, 9, 10-ஆம் மாடிகளில் இருந்த டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள், புலம்பெயர்ந்து வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கட்டடம் தீயைத் தாங்கும்படி கட்டப்பட்டது, நின்றது. செத்தது உள்ளே இருந்தவர்கள். 9-ஆம் மாடியில் ஒரு பக்கப் படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. பின்புற இரும்புத் தப்பிப் படி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடிவரைதான் எட்டியது. குதித்தவர்களை வலைகளால் தாங்க முடியவில்லை.

சட்டமன்றம் ஜூன் இறுதியில் தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை அமைத்தது. செனட்டர் ராபர்ட் வாக்னர் தலைவர், ஸ்மித் துணைத் தலைவர். இரண்டு செனட்டர்கள், மூன்று அசெம்பிளி உறுப்பினர்கள், வெளியிலிருந்து நான்கு பேர் என மொத்தம் ஒன்பது பேர். வெளியிலிருந்து வந்தவர்களில் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸும், பெண் தொழிலாளர்களுக்காகப் போராடிய மேரி டிரையரும் இருந்தனர்.

பலன் தந்ததற்கு முதல் காரணம் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. பரிந்துரை எழுதியவர்களே அவையில் அதை மசோதாவாக நிறைவேற்றும் இடத்திலும் இருந்தார்கள். வாக்னர் செனட்டில் பெரும்பான்மைத் தலைவர், ஸ்மித் அசெம்பிளியில் முன்னவர். அறிக்கையை யாரிடமும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு இருந்தது. அடுத்து, விசாரணையைத் தீ விபத்தோடு நிறுத்தாமல் காற்றோட்டம், சுகாதாரம், குழந்தை உழைப்பு, வேலை நேரம், கூலி என்று விரித்தார்கள். அதற்காக ஆணையத்தின் காலம் 1915 வரை நீட்டிக்கப்பட்டது.

மூன்றாவது காரணம் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ். தீயை நேரில் பார்த்தவர். ஆணையத்துக்காகத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த அவர், உறுப்பினர்களை அலுவலக அறையில் உட்காரவிடவில்லை. ஆபர்ன் ஊரில் கயிறு ஆலையின் இரவு வேலை முடிந்து பெண்கள் வெளியே வருவதைப் பார்க்க ஸ்மித்தை அழைத்துப்போனார். இன்னொரு ஆலையில், சுவரிலிருந்த சிறு துளைதான் தீத் தப்பிப்பு வழி என்று காட்டி, வாக்னரையே அதன் வழியாகத் தவழ்ந்து போகவைத்தார். வெளியே பனி உறைந்த ஏணி இருந்தது. பார்த்துவிட்டு வந்தவர்களை ‘இதெல்லாம் மிகைப்படுத்தல்’ என்று சொல்லி எந்த முதலாளியாலும் கலைக்க முடியவில்லை.

வந்த சட்டங்களில் சில: வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது. தொழிற்சாலைகளில் தீ ஒத்திகை கட்டாயம். உயரமான கட்டடங்களில் மேல் மாடிகளில் அதிகம் பேர் வேலை செய்தால் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் வேண்டும். படிக்கட்டின் அகலத்தை வைத்து ஒரு மாடியில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரையறை. இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். எத்தனை பேர் தப்பிக்க முடியுமோ அத்தனை பேரைத்தான் வேலைக்கு வைக்கலாம் என்பது அதன் தர்க்கம். 1913-ல் தொழிலாளர் துறையும் மாற்றி அமைக்கப்பட்டு, எல்லா விவரத்தையும் சட்டத்திலேயே எழுதாமல் விதிகளாக வகுக்க ஒரு தொழில் வாரியம் உருவானது. இயந்திரமும் தொழில் முறையும் மாறும்போதெல்லாம் சட்டமன்றத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

குறையும் இருந்தது. பெண்களுக்கு வாரம் 54 மணி நேர வேலை என்ற 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பழம், காய்கறி டப்பா ஆலைகளுக்கு விலக்கு அளித்தே நிறைவேறியது. அந்த ஆலைகள் மாநிலத்தின் வடபகுதி விவசாயத் தொகுதிகளில் இருந்தன, அங்கிருந்து வந்த உறுப்பினர்களின் வாக்கு இல்லாமல் எதுவும் நகராது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு பற்றிய விவாதத்தில் இதே விலக்கு கேட்கப்பட்டபோது ஸ்மித், ஓய்வுநாளைப் புனிதமாக வைத்திரு என்ற விவிலியக் கட்டளையில் டப்பா ஆலைகளுக்கு விலக்கு இருப்பதாக எங்கும் காணவில்லை என்ற கருத்தில் பதில் சொல்லி உட்கார்ந்தார்.

கேள்வி: 1913-ல் ஆளுநர் சல்சரைப் பதவியிலிருந்து நீக்கியது டாமனியின் பழிவாங்கல் என்கிறார்களே, அதில் ஸ்மித்துக்குப் பொறுப்பு உண்டா?

உண்டு. அவர் சபாநாயகர், மர்ஃபியின் விருப்பப்படி அவையை நடத்தினார். வில்லியம் சல்சர் டாமனியின் ஆதரவில் 1912-ல் வென்றவர். பிறகு நியமனங்களிலும் நேரடி முன்தேர்தல் மசோதாவிலும் மர்ஃபியோடு மோதினார். சட்டமன்றக் குழு அவருடைய தேர்தல் கணக்கைத் தோண்டி, நன்கொடைகள் பலவற்றை அவர் கணக்கில் காட்டவில்லை என்று கண்டது. குற்றம் உண்மை. அவர் பணிந்து போயிருந்தால் அதை யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

1913 ஆகஸ்ட் 13-ல் அசெம்பிளி 79-க்கு 45 என்று குற்றம் சாட்டியது. தேவை 76 என்பதால் மூன்றே வாக்கு உபரி. அதுவும் சிறப்புக் கூட்டத்தொடரில் நடந்தது. ஆளுநர் குறிப்பிட்ட பொருளை மட்டுமே சிறப்புக் கூட்டத்தில் எடுக்கலாம் என்று சல்சரின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். செனட்டர்களும் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிபதிகளும் சேர்ந்த விசாரணை மன்றம் அதை ஏற்கவில்லை. அக்டோபர் 17-ல் சல்சர் நீக்கப்பட்டார். அடுத்த மாதமே வாக்காளர்கள் அசெம்பிளியை ஜனநாயகக் கட்சியிடமிருந்து பறித்தார்கள்; சல்சரை மன்ஹாட்டனிலிருந்து அசெம்பிளி உறுப்பினராக அனுப்பினார்கள். ஸ்மித் தன் தொகுதியில் வென்றார், ஆனால் சபாநாயகர் நாற்காலி போய்ச் சிறுபான்மைத் தலைவரானார். அவரது வாழ்க்கையில் நாங்கள் நியாயப்படுத்த விரும்பாத பகுதி இது.

கேள்வி: சட்டமன்றத்தை விட்டு ஷெரிஃப் பதவிக்குப் போனது ஏன்? பதவியில் இறங்கியது போலத் தெரிகிறதே?

பணம். ஷெரிஃப் என்பவர் கவுண்டி என்ற மாவட்டப் பிரிவில் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அதிகாரி. நியூயார்க் கவுண்டி ஷெரிஃபுக்கு அன்று சம்பளத்தோடு வசூலாகும் கட்டணங்களில் பங்கும் இருந்தது. ஆண்டுக்கு 1,500 டாலரில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவருக்குக் கட்சி கொடுத்த கைம்மாறு அது. 1915 நவம்பரில் வென்றார். அதே ஆண்டு நடந்த மாநில அரசியலமைப்பு மாநாட்டில் அவருடைய நிர்வாக அறிவை, தலைமை வகித்த குடியரசுக் கட்சியின் எலிஹு ரூட்டே பாராட்டினார். அந்த மாநாடு எழுதிய அரசியலமைப்பை வாக்காளர்கள் ஒட்டுமொத்தமாக நிராகரித்தார்கள். 1917-ல் ஸ்மித் ஆல்டர்மென் மன்றம் எனப்பட்ட நகர மன்றத்தின் தலைவரானார். 1918-ல் சுமார் 15,000 வாக்கு வித்தியாசத்தில் ஆளுநர் சார்லஸ் விட்மனைத் தோற்கடித்தார்.

கேள்வி: எதிர்க்கட்சி கையில் சட்டமன்றம் இருந்தும் ஆளுநராக இவ்வளவு எப்படிச் சாதித்தார்?

1915-ல் நிராகரிக்கப்பட்டதிலிருந்து நல்லதைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்தார் என்பதுதான் சுருக்கமான பதில். 1919-ல் மறுசீரமைப்பு ஆணையத்தை அமைத்தார். பெல் மாஸ்கோவிட்ஸ் செயலாளர், நிர்வாகச் சீரமைப்பு ஆய்வை நடத்தியவர் ராபர்ட் மோசஸ். அப்போது மாநிலத்தில் 187 அலுவலகங்களும் வாரியங்களும் ஆணையங்களும் இருந்தன. பலவற்றின் தலைவர்கள் ஆளுநருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே அல்ல. அவற்றை இருபதுக்கு மிகாத துறைகளாகச் சுருக்குவதும், ஆளுநரே வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பதும் திட்டத்தின் சாரம்.

தடை எங்கே? அரசியலமைப்புத் திருத்தத்தை ஒரு சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும், செனட் தேர்தலுக்குப் பிறகு வரும் அடுத்த சட்டமன்றமும் நிறைவேற்ற வேண்டும், அதன் பின் மக்கள் வாக்கெடுப்பு. அன்று இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் கொண்ட ஆளுநர் ஒரு தேர்தலில் தோற்றால் தொடங்கிய வேலை அந்தரத்தில் நிற்கும். அதுதான் நடந்தது. 1920-ல் ஸ்மித் நேதன் மில்லரிடம் சுமார் 75,000 வாக்கில் தோற்றார். அதே நாளில் அவர் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் காக்ஸ் நியூயார்க்கில் பத்து லட்சத்துக்கு மேல் பின்தங்கினார் என்பதைப் பார்த்தால் அது என்ன மாதிரித் தோல்வி என்று புரியும். 1922-ல் திரும்பி வந்தார். 1924-லும் 1926-லும் மறுபடி வென்றார்.

சட்டமன்றம் மறுத்தபோதெல்லாம் கேள்வியை மக்களிடம் கொண்டுபோனார்: எண்களை எளிமையாக்கி மேடையிலும் வானொலியிலும் விளக்குவது, எதிர்ப்பவர் பெயரைச் சொல்லிக் காரணம் கேட்பது. குடியரசுக் கட்சியிலேயே சீரமைப்பை விரும்பியவர்களைத் துணைக்கு அழைத்தார். 1925 நவம்பரில் மக்கள் துறை இணைப்புத் திருத்தத்தை ஏற்றதும், அதை நடைமுறைப்படுத்தும் வரைவுக்கு அதே கட்சியின் முன்னாள் ஆளுநர் சார்லஸ் எவன்ஸ் ஹ்யூஸ் தலைமை ஏற்றார். தம் கட்சித் தலைவர் எழுதியதை அவர்கள் எப்படி எதிர்ப்பார்கள்? ஆளுநர் வரவுசெலவுத் திட்டம் 1927-ல் மக்கள் ஒப்புதல் பெற்றது. அதை முதலில் பயன்படுத்தியவர் அடுத்த ஆளுநர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். நான்கு ஆண்டுப் பதவிக்காலம் என்ற திருத்தம் மட்டும் அந்த 1927 வாக்கெடுப்பில் தோற்றது. ஆளுநர் தேர்தல் குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டிலேயே வரும்படி எழுதப்பட்டிருந்ததால் ஸ்மித்தே அதை எதிர்த்தார். மாநில விவகாரம் தேசிய அலையில் அடித்துப் போகும் என்று 1920-ல் அனுபவித்தவர் அவர்.

கேள்வி: 1928-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் சொந்த மாநிலத்திலேயே தோற்றாரே?

சுமார் 1,00,000 வாக்கில். கத்தோலிக்கர் என்ற எதிர்ப்பு, மதுவிலக்கு எதிர்ப்பாளர் என்ற பெயர், டாமனி முத்திரை, எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஹூவருக்குச் சாதகமான பொருளாதாரம் எல்லாம் சேர்ந்தன. 1923-ல் மாநில மதுவிலக்கு அமலாக்கச் சட்டத்தை நீக்கும் மசோதாவில் கையெழுத்திட்டபோதே இந்த விலை அவருக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்திட்டார்.

கேள்வி: இப்படிப்பட்ட ஒரு பழைய மாநில அரசியல்வாதியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறேன். எங்கே தொடங்குவது, எங்கே தவறு வரும்?

அவைக் குறிப்பேடுகளில் தொடங்குங்கள். யார் எந்த மசோதாவைக் கொண்டுவந்தார், எந்த நாளில் எந்தக் குழுவுக்குப் போனது, பெயர் வாரியாக வாக்கு என்ன என்பது அதில் இருக்கும், பேச்சு இருக்காது. பேச்சுக்கு அன்றைய நாளிதழ்களைத்தான் பார்க்க வேண்டும். பிறகு ஆண்டுச் சட்டத் தொகுப்பில் மசோதா என்ன வடிவில் சட்டமானது என்று ஒப்பிடுங்கள். ஆளுநர்களுக்கு அவர்களது பொது ஆவணத் தொகுதிகளும் ஆல்பனியில் மாநில ஆவணக் காப்பகமும் உண்டு.

அதிகம் வரும் தவறு ஆண்டில். 1903 நவம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 1904 கூட்டத்தொடர் உறுப்பினர். தேர்தல் ஆண்டையும் கூட்டத்தொடர் ஆண்டையும் கலந்துவிட்டால் எல்லாப் பதவிகளும் ஓர் ஆண்டு பிசகும். மசோதாவுக்கு முன்மொழிவு எண், அச்சு எண் என இரண்டு இருக்கும். திருத்தத்துக்குப் பின் அச்சு எண் மாறும், முன்மொழிவு எண் மாறாது. தொகுதி எண் ஒன்றாக இருந்தாலும் எல்லை மாறியிருக்கலாம், வரைபடத்தைப் பாருங்கள். 1911 மார்ச் 29-ல், டிரையாங்கிள் தீக்கு நான்காம் நாள், ஆல்பனி தலைமைச் செயலகக் கட்டடமே எரிந்து மாநில நூலகத்தின் சுமார் 4,50,000 நூல்களும் 2,70,000 கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. அந்தத் தேதிக்கு முந்தைய கடிதங்களை அங்கே தேடி நாட்களை வீணாக்காமல், அச்சில் வெளிவந்து பல நூலகங்களுக்குப் போன குறிப்பேடுகளையும் அறிக்கைகளையும் முதலில் எடுங்கள்.